கிரவுன் மாத்துன வண்டி

மைலேஜா? ஏறி உக்காந்து இன்னும் கதவைக்கூடச் சாத்தல, அதுக்குள்ள மைலேஜ் கேக்குறீங்க. தப்புச் சொல்லல தம்பி. வண்டி வாங்க வந்தவங்க கேக்கத்தான் செய்வீங்க. ஆனா அந்த வார்த்தைய யாரு சொன்னாலும் எனக்கு உச்சி மண்டை எரியுது. என் குடும்பத்தக் கெடுத்ததே அந்த ஒத்த வார்த்தைதான். ஓட்டுங்க, ஓட்டுங்க. ஏத்தத்துல ஏத்திப் பாத்துட்டுத்தான் வெல பேசுவேன்னு சொன்னீங்க, இந்தா மலைப்பாதை ஆரம்பிச்சிருச்சு. நல்லா ஏத்திப் பாருங்க. ஆனா ஒண்ணு. மேல மூங்கில்பள்ளம்னு ஒரு ஊரு வரும். அதுக்கு முன்னாடியே திருப்பிரணும். அந்த ஊருக்குள்ள இந்த வண்டி போகாது.

ஏன்னா கேக்குறீங்க? அது என் பொறந்த ஊரு, அதான்.

என்னமோ குமிழைத் திருகுறீங்களே? ஓ, கிலோமீட்டர சைபர் ஆக்குறீங்களா. ஆக்கிக்கங்க. கல்லுல கொடைக்கானல் அம்பதுன்னு போட்டிருக்கு, பாத்துக்கங்க. பரவால்ல, நீங்களும் என்னை மாதிரி கணக்குப் பாக்குற ஆளுதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனா கணக்கு விரல் நுனியில. நிலக்கோட்டை மார்க்கெட்டுல போயி பூக்கார நாகுத்தாய் கணக்கு எப்படின்னு கேட்டுப் பாருங்க. நாலு பேரு நல்லாச் சொல்லுவாங்க. நாலு பேரு வேற மாதிரியும் சொல்லுவாங்க, அதை நீங்க காதுல போட்டுக்காதீங்க.

வீட்டுக்காரரு போனப்புறம் ஒத்தப் பொம்பளையா நின்னு இந்த பிக்கப்ப வாங்குனேன் தம்பி. காலையில மல்லியும் சம்பங்கியும் மேல போகும், சாயந்தரம் கேரட்டும் முட்டக்கோசும் கீழ வரும். டிரைவரு யாருன்னா, என் மருமகன். சோணைமுத்து. மருமகன்னா சும்மா இல்ல, எங்கண்ணன் மகன். அண்ணன் இல்ல இப்ப, செத்துப் போச்சு. அண்ணன் மகனுக்கே என் ஒரே மக பாண்டிமீனாவக் கட்டிவச்சு, வீட்டோட வச்சுக்கிட்டேன். வேத்தாளு கையில வண்டியக் குடுத்தா டீசலத் திருடுவான்னு பயந்துதான் சொந்தத்துல குடுத்தேன். எப்படி இருக்கு கதை?

அப்பெல்லாம் லிட்டருக்குப் பன்னெண்டு குடுத்துச்சு. நான் சும்மா இருந்திருந்தா அது பாட்டுக்கு பன்னெண்டுலயே ஓடியிருக்கும். இந்தக் குருவித்துறையான்னு ஒருத்தன் மார்க்கெட்டுக்கு வருவான், அவன் நாக்குல சனி. அவனும் இதே வண்டிதான் வச்சிருக்கான், கோயம்புத்தூருக்குப் பூ கொண்டு போவான். ஒருநா வந்து, "என்னக்கா இன்னும் பன்னெண்டுலயே கெடக்கீங்க, நான் கிரவுன் மாத்திட்டேன், பதினாறு குடுக்குது"ங்கறான். பதினாறு! எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். பின்னாடி ஆக்சில் நடுவுல உருண்டையா ஒரு கூடு இருக்குல்ல, அதுக்குள்ள பெரிய பல்சக்கரம் ஒண்ணு, சின்னப் பல்சக்கரம் ஒண்ணு. பெருசு கிரவுன், சின்னது பினியன். ரெண்டையும் சோடியா மாத்தி, சின்னதுல பல்லு கூட இருக்குற மாதிரி போட்டா, இஞ்சின் கொஞ்சமாச் சுத்துனாலே சக்கரம் நெறையாச் சுத்துமாம். இஞ்சின் கம்மியாச் சுத்துனா டீசல் கம்மியாக் குடிக்கும். இதுல என்ன தப்பு இருக்கு? ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் வெளங்கும்.

வத்தலக்குண்டுல அல்லாபிச்சை பாய் பட்டறைக்கு வண்டியக் கொண்டு போனோம். பாய் தலையச் சொறியிறாரு. "அம்மா, அவன் நாலுவழிச் சாலையில நேரா போறான், அவனுக்குச் சரி. நீங்க லோடு ஏத்தி மலை ஏறுறீங்க. இதைப் போட்டா வேகம் கூடும், இழுவை கொறையும். மூணாவது கியர்ல ஏறுற எடத்துல ரெண்டாவது போடணும். மிச்சம் பண்ணுனத அங்க குடிச்சிரும்"ங்கறாரு. சோணைமுத்தும் ஆமா அத்தை, ஆமா அத்தைங்கறான். ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்கன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. பொம்பளைன்னா என்ன சொன்னாலும் தலையாட்டுவான்னு நெனப்பு. நீங்க போடுங்க பாய், மத்தத நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.

போட்டு முடிச்சிட்டு பாய் சொல்றாரு, "மீட்டருக்கும் ஒரு சின்னக் கியர் இருக்கும்மா, அதையும் மாத்தணும், மதுரையில சொல்லிவிட்டு வாங்கணும்"னு. நான் சிரிச்சிட்டேன். மீட்டரு நல்லாத்தான ஓடுது, அதை எதுக்கு நோண்டுறது? இந்த மெக்கானிக்குகளுக்கு ஒண்ணைத் தொட்டா நாலைக் கழட்டணும். அதெல்லாம் வேணாம்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். அந்த வகையில நான் உசாரு தம்பி.

ஆங், பாத்து. இந்த வளைவுல பஸ்காரன் அடிச்சுக்கிட்டு வருவான். ரெண்டாவதுக்கு மாத்திட்டீங்களா? ஏன், மூணாவதுல ஏறலையா? வெறும் வண்டிதான. முனகுது பாருங்க. உங்களுக்கு இன்னும் வண்டி பழகல, அதான். சோணைமுத்தும் இப்படித்தான் முனகவிடுவான், நான் பக்கத்துல உக்காந்து திட்டிக்கிட்டே வருவேன். கிளச்சு கருகுன வாடை வேற. ஒரே வருசத்துல கிளச்சு பிளேட் போயிருச்சு. இதையெல்லாம் உங்ககிட்டச் சொல்லக் கூடாது, விக்கிறவ. வாய் இருக்க மாட்டேங்குது.

சரி, மைலேஜுக்கு வர்றேன். கிரவுன் மாத்துன முதல் வாரம், டேங்க்க நெப்பி, வாரக் கடைசியில திரும்ப நெப்பி, மீட்டர்ல எம்புட்டு ஓடியிருக்குன்னு பாத்து வகுத்தேன். எவ்வளவு வந்திருக்கும்? சொல்லுங்க. பதினாறு? பதினாலு? ஒம்பதரை! பன்னெண்டு குடுத்த வண்டி ஒம்பதரை. அடுத்த வாரமும் ஒம்பதரை. அதுக்கடுத்த வாரமும். அப்ப என்ன அர்த்தம்? கிரவுன் மாத்துனா மைலேஜ் கூடணும், கூடல, கொறையுது. மிச்ச டீசல் எங்க போச்சு? ஆவியாப் போச்சா? டேங்குக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்குறது யாரு? டிரைவரு.

நான் எடுத்த எடுப்புல கேக்கல தம்பி. அம்புட்டு மோசமானவ இல்ல நான். சாடையாத்தான் கேட்டேன். சோத்தப் போட்டுக்கிட்டே, "ஏம் மாப்ள, வழியில எங்கயும் டீசல் ஒழுகுதோ"ன்னேன். "இல்லையே அத்தை"ன்னான். "உங்காத்தா டீக்கடைக்கு அடுப்பு என்ன அடுப்பு மாப்ள, டீசல் அடுப்பா"ன்னேன். அவ்வளவுதான். சோத்துலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சிட்டான். பாண்டிமீனா என்னைய ஒரு பார்வை பாத்தா. நான் என்ன கேட்டுட்டேன்? அடுப்பு என்ன அடுப்புன்னு கேட்டது ஒரு குத்தமா?

மறுநா டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுட்டேன். எறங்குறப்பப் பாருங்க, இன்னும் தொங்குது, சாவி இப்பவும் என் சுருக்குப் பையில. பெட்ரோல் பங்குக்கு நானே கூடப் போயி, நானே தெறந்து, நானே பூட்டுவேன். பங்குல வேலை பாக்குற பொண்ணுங்க சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும். பூட்டுப் போட்ட வாரம் கணக்குப் பாத்தா, அப்பவும் ஒம்பதரை! எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. கள்ளச் சாவி போட்டு வச்சிருக்கான்னு தெரிஞ்சு போச்சு. மூணு பூட்டு மாத்துனேன். மூணுக்கும் கள்ளச் சாவி போட்டிருக்கான்.

கள்ளச் சாவியக் கண்ணால பாத்தீங்களான்னு கேக்குறீங்களா? கண்ணுல காட்டுனா அதுக்குப் பேரு கள்ளச் சாவியா?

அப்புறம் ஒருநா வெளக்குறேன்னு வந்தான். என்னைய இதே மாதிரி பக்கத்துல ஏத்திக்கிட்டு, இதே ரோட்டுல கூட்டிட்டு வந்து, கல்லைக் காட்டுறான். "அத்தை, அந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் ஒரு கிலோமீட்டரு. மீட்டரப் பாருங்க, அம்புட்டுக் காட்டல. கொறச்சுக் காட்டுது"ங்கறான். நான் விடுவனா? ஏன்டா, கல்லை நட்டது எவனோ ஒரு காண்ட்ராக்ட்காரன். அவன் வெயில்ல கால் கடுத்து, அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு குத்துமதிப்பா நட்டுட்டுப் போயிருப்பான். மீட்டரு கம்பெனியில செஞ்சது. கல்லை நம்பவா, கம்பெனிய நம்பவா? வண்டியத் திருப்பிட்டான்.

சும்மா விட்டானா? இல்லையே. வீட்டுக்கு வந்து, நான் பூ அளந்துக்கிட்டிருந்தேன், எதுக்க உக்காந்து ஆரம்பிக்கிறான். "அத்தை, மீட்டரு சக்கரத்தப் பாக்குறதில்ல. இஞ்சின்ல இருந்து பின்னாடி போற ராடு எத்தன சுத்து சுத்துதோ அதைத்தான் எண்ணும். கிரவுன் மாத்துனதுல ராடு கம்மியாச் சுத்துது. வண்டி அதே தூரம்தான் போகுது. இப்பப் பாருங்க, நீங்க குட்டைக் கை. இந்தச் சரத்த உங்க கையால அளந்தா பத்து முழம். இதையே நெட்டைக் கைக்காரி ஒருத்தி அளந்தா எட்டு முழம்தான் வரும். சரம் கொறையல அத்தை. அளந்த கைதான் நீளம்."

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா அவன் பேச்ச? எனக்கு அப்படியே ரத்தம் தலைக்கேறிருச்சு. குட்டைக் கையாம்! நான் குட்டைக் கைய வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறேன்னு, என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, என் மூஞ்சிக்கு நேராச் சொல்றான். முப்பது வருசமா இந்தக் கையால அளந்து போட்டு வளத்த குடும்பம். மார்க்கெட்டுல ஒருத்தி, ஒரே ஒருத்தி, கை குட்டைன்னு சொல்லியிருப்பாளா என்னைய? சொன்னா, அந்தக் குண்டுமல்லிக்காரி, அவ பொறாமையில சொன்னா. இவன் மருமகன்! "திருடுனது நீ, அளவு தப்பு எனக்கா? வெளிய போடா"ன்னுட்டேன். ஆமா, திருடுனன்னு சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் அந்த வார்த்தை வாயில இருந்து வந்துச்சு. அதுவரைக்கும் மனசுல மட்டும்தான் வச்சிருந்தேன்.

அவன் போகல. பாண்டிமீனாவுக்கு அப்பத்தான் நாள் தள்ளிப் போயிருந்துச்சு. அதுக்காகப் பொறுத்துக்கிட்டான்போல. ஆனா பாருங்க, அடுத்த வாரம் மைலேஜ் ஏறிருச்சு! பத்தரை. அதுக்கடுத்து பதினொன்னு. அப்புறம் பதினொன்னரை. கண்டிச்சு வச்சா வழிக்கு வருவாங்கன்னு நான் மார்க்கெட் பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எப்படி ஏறுச்சுன்னு நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? திருடுறத நிறுத்திட்டான், ஏறுது.

அப்புறமில்ல தெரிஞ்சுச்சு. எறக்கம் பூராம் நியூட்ரல்ல போட்டு, இஞ்சின அமத்திட்டு உருட்டிக்கிட்டு வந்திருக்கான். மலையில. லோடோட. பெருமாள்மலையில இருந்து கீழ வரைக்கும் பிரேக்க மட்டும் நம்பி. பிரேக்கு எத்தன நாளைக்குத் தாங்கும்? ஐப்பசியில நல்ல மழை. பண்ணைக்காடு பிரிவு தாண்டி ஒரு வளைவுல பிரேக்கு புகைஞ்சு போச்சு, மிதிச்சா நிக்கல. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பாறை. பாறையில விட்டான். புத்திசாலி. பள்ளத்துல விட்டிருந்தா... சரி விடுங்க. கால் ரெண்டு எடத்துல ஒடிஞ்சுச்சு. ரோடு பூராம் கேரட்டு. வர்றவன் போறவன் எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டானுக.

நீங்க பயப்படாதீங்க, வண்டிய அக்கக்கா பிரிச்சுப் புதுசா வேலை பாத்தாச்சு. பிரேக்கு, கிளச்சு, முன்னாடி மூஞ்சி, எல்லாம் புதுசு. கிரவுன் மட்டும் அப்படியே இருக்கு. மீட்டரும்.

ஆசுபத்திரிக்கு ஓடுனேன் தம்பி. எங்கண்ணன் பிள்ளை. கால்ல மாவுக்கட்டு, கண்ண மூடிப் படுத்திருக்கான். பாண்டிமீனா பக்கத்துல நிக்கிறா. அழுவான்னு பாத்தேன், அழல. என்னைய நிமிந்து பாத்து, ரொம்பச் சாதாரணமாக் கேக்குறா, "இந்த வாரம் எத்தனம்மா குடுத்துச்சு?"ன்னு. நான் பதினொன்னரைன்னேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? கேட்டா, சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றது தப்பா?

ஆசுபத்திரியில இருந்து அவனைக் கூட்டிக்கிட்டு நேரா மூங்கில்பள்ளத்துக்கு மாமியா வீட்டுக்குப் போனவதான். மாமியான்னா யாரு, எம் மதினிதான். ரோட்டு மேலயே டீக்கடை வச்சிருக்கு. என் பொறந்த வீட்டு வாசல்லயே என்னைய ஏத்தாம வச்சுட்டாளுக ரெண்டு பேரும். போன் போட்டா எடுக்குறதில்ல. நியூட்ரல்ல வான்னு நானா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. மைலேஜ் குடுன்னு கேட்டேன். அம்புட்டுத்தான் கேட்டேன்.

இப்ப மகளுக்கு ஒம்பதாம் மாசம். தலப்பிரசவம். தலப்பிரசவம் தாய் வீட்டுலதான பாக்கணும்? ஊரு ஒலகத்துல உள்ள வழக்கம் அதான? வளைகாப்ப நான் போட்டு, என் மகள நான் கூட்டிட்டு வரணும். போன வெள்ளிக்கெழம மதினியே வளைகாப்ப நடத்திருச்சு. எனக்குச் சொல்லல. அந்த ஊரு பஸ் கண்டக்டர் அன்னைக்குக் காலையில சொல்லித்தான் தெரியும். மனசு கேக்காம, முதல் தரமான மல்லியா அள்ளி, என் கையால நெருக்கக் கட்டி, பஸ்ல குடுத்துவிட்டேன். சாயந்தரம் அதே பஸ்ல, அதே கூடையில, அப்படியே திரும்பி வந்திருச்சு. வாடிப் போயி. பூக்காரி மக தம்பி. பூக்காரி பெத்த ஒத்த மக, எங்கயோ கடையில வாங்குன பூவ வச்சுக்கிட்டு மணையில உக்காந்திருக்கா. அழுகையும் வருது, ஆத்திரமும் வருது, எது மொதல்ல வருதுன்னு தெரியல.

அதான் வித்துத் தொலைச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். எல்லாத்துக்கும் காரணம் இந்த வண்டி. இது ராசி கெட்ட வண்டி. ஐயோ, வாங்க வந்தவருகிட்டப் போயி இதைச் சொல்றேன் பாருங்க. உங்களுக்கு ராசியா இருக்கும். ஒட்டன்சத்திரத்துக்காரங்களுக்கு எல்லாம் ராசிதான்.

ஏன் நிப்பாட்டுறீங்க? சூடாயிருச்சா? இல்லையா? என்ன, கல்லா? ஆமா, கொடைக்கானல் நாப்பது. எனக்கும் படிக்கத் தெரியும். அம்பதுல கெளம்புனோம், நாப்பதுக்கு வந்திருக்கோம். சரி. அதுக்கென்ன?

மீட்டரா? என்ன காட்டுது, கண்ணாடி எடுத்துட்டு வரல. எட்டா? எட்டுதானா? பக்கத்துல ஏதாச்சும் சின்ன நம்பர் இருக்கும், நல்லாப் பாருங்க. எட்டு.

அதான் சொன்னனே தம்பி, கல்லை அவன் இஷ்டத்துக்கு நட்டு வச்சிருக்கான். போன்லயும் பாத்தீங்களா? போன்ல எப்படித் தெரியும்? மேல இருந்து பாக்குதா? போன்ல பத்துன்னா காட்டுது? போன்காரனும் இந்தக் கல்லப் பாத்துத்தான் போட்டிருப்பான்.

சிரிக்காதீங்க. இருங்க.

உங்களுக்கு மூங்கில்பள்ளத்துல யாரையும் தெரியுமா? சோணைமுத்துவத் தெரியுமா? டீக்கடையில எப்பவாச்சும் எறங்கியிருக்கீங்களா? இல்லல்ல. நீங்க ஒட்டன்சத்திரம். வேத்தாளு. வண்டி வாங்க வந்தவரு. மீட்டரு நல்லாருக்குன்னு சொன்னா உங்களுக்கும் லாபமில்ல, கெட்டிருக்குன்னு சொன்னாலும் லாபமில்ல. நீங்க எதுக்கு எங்கிட்டப் பொய் சொல்லப் போறீங்க.

பத்துக்கு எட்டு.

அப்ப எட்டுக்குப் பத்துன்னா, ஒம்பதரைக்கு... இருங்க, எனக்கு வரும், நானே போடுறேன். எட்டுக்குப் பத்து. மிச்சம் ஒண்ணரைக்கு ரெண்டு, ரெண்டுக்குக் கொஞ்சம் கொறைய. பன்னெண்டு. பன்னெண்டேதான் வருது. மாத்துறதுக்கு முன்னாடியும் பன்னெண்டு, மாத்துனப்புறமும் பன்னெண்டு. பாயி சொன்ன மாதிரி, நாலுவழிச் சாலைக்காரனுக்குக் கூடியிருக்கும். மலையில மிச்சத்த மலையே குடிச்சிருச்சு.

அப்ப அந்தப் பூட்டு...

பதினொன்னரைக்கு எம்புட்டு? வேணாம். நீங்க சொல்லாதீங்க. அந்தக் கணக்கு வேணாம் எனக்கு.

தண்ணி இருக்கா? குடுங்க. கெளம்புனதுல இருந்து பேசிக்கிட்டே வர்றேன்ல.

என்ன கேட்டீங்க? இங்கன திருப்பிரலாமா? திருப்ப எடம் இருக்கா? இருக்கு, எடம் இருக்கு. திருப்ப வேணாம். போங்க. நேரா போங்க. ஏத்தத்துல முழுசா ஏத்திப் பாக்காம வண்டி வாங்குவாங்களா யாராச்சும்? என்ன அவசரம் உங்களுக்கு?

ரெண்டாவதுலயே போங்க, முனகுனா முனகட்டும். அது இந்தக் கிரவுனோட கொணம், உங்க மேல தப்பில்ல.

நான் ஒண்ணும் யாருகிட்டயும் போயி மன்னிப்பு கின்னிப்பு கேக்கப் போறதில்ல தம்பி, அதை இப்பவே சொல்லிட்டேன். நான் மாமியா. வயசுல மூத்தவ. என் மேல என்ன தப்பு? கம்பெனிக்காரன் செஞ்ச மீட்டரு பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? மீட்டரு ரிப்பேரு மாப்ள, இந்த ஒட்டன்சத்திரத்துத் தம்பியே சொல்லுது, வேணும்னா வந்து பாருன்னு காட்டுவேன். அம்புட்டுத்தான். காட்டிட்டு வந்துருவேன். அவன் வந்து பாப்பானா? கோலு ஊண்டித்தான் நடக்குறானாம், கண்டக்டர் சொன்னாரு. அப்ப வண்டியக் கடை வாசல் வரைக்கும் ஒட்டிக் கொண்டு போயிருங்க. அவன் நடக்க வேணாம்.

அந்தா, தகரக் கூரை தெரியுதுல்ல, புளியமரத்துக்கு அங்கிட்டு. அதான் கடை. மெதுவா. ஹாரன் அடிங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு தடவ, விட்டு விட்டு. அவன் அப்படித்தான் அடிப்பான்.

யாரோ வெளிய வர்றாக. மதினியா? இல்ல. ஆத்தாடி... எம்புட்டுப் பெரிய வயிறு. இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, சேலை தடுக்கிரப் போகுது. ஏட்டி, அங்கயே நில்லு, எறங்காத! நிப்பாட்டுங்க தம்பி, நிப்பாட்டுங்க, நான் எறங்கிக்கிறேன். கதவு எப்படித் தொறக்கணும் இது?

வெல அப்புறம் பேசுவோம். விக்கிறனா என்னன்னே தெரியல, கோவிச்சுக்காதீங்க. வந்ததுக்கு ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. தம்பி, ஒண்ணே ஒண்ணு. அந்தக் குமிழைத் தொட்டுராதீங்க. மீட்டரு அப்படியே இருக்கட்டும்.